வரிசையும் பந்தியும்: மாணவர் விழாத் தொண்டின் வரலாற்றில் சில ஏடுகள்

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் அணைத்து நிற்கும் மணல்திட்டில் அமைந்த ஊர் காட்டுப்பள்ளி. தேவாரம் பயின்றோர் இப்பெயரைக் கேட்டதும் காவிரி நாட்டின் மேலைத் திருக்காட்டுப்பள்ளியையும் கீழைத் திருக்காட்டுப்பள்ளியையும் நினைப்பர். இது அவ்விரண்டினும் வேறானது, பாடல் பெறாதது, நெய்தல் நிலத்து மீனவரும், கழியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளரும் வாழ்ந்த சுற்றுவட்டாரம். பள்ளி என்ற சொல்லுக்கு ஊர் என்றும், துயிலிடம் என்றும், துறவோர் உறையுள் என்றும், கல்விக்கூடம் என்றும் பொருளுண்டு. ஊரென்னும் பள்ளிக்கும் கல்வி பயிலும் பள்ளிக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கலின் ஒரு சிறு பகுதியைக் காண்பதற்குக் காட்டுப்பள்ளியில் இருந்து புறப்படுவது பொருத்தமே.

தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்சான் ஆகிய திருநாட்கள் நெருங்கும்போது பள்ளி மாணவர்கள் புத்தாடையும் இனிப்பும் அரிசிப் பையும் சுமந்து, முதியோர் இல்லங்களையும் ஆதரவற்ற குழந்தைகள் இல்லங்களையும் குடிசைப் பகுதிகளையும் நாடிச் செல்வது இன்று தமிழகமெங்கும் காணும் வழக்கமாகிவிட்டது. 2009ஆம் ஆண்டு முதல் காந்தியடிகள் பிறந்த நாளை ஒட்டிய வாரத்தில் இந்தியா முழுவதும் 'கொடை மகிழ்ச்சி வாரம்' என ஒன்றைக் கொண்டாடி வருகின்றனர். பின்னர் அது 'தான உற்சவம்' எனப் பெயர் மாறிற்று. அதிலும் பள்ளி மாணவர்களுக்குப் பெரும்பங்குண்டு. இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. இதற்கு இரண்டு நெடிய மரபுகள் உள்ளன. ஒன்று, கொடுப்பவர் நிற்க, பெறுபவர் ஒருவர் பின் ஒருவராக வந்து வாங்கிச் செல்லும் வரிசை. மற்றொன்று, இருவரும் ஒரே தரையில் அமர்ந்து ஒரே சோற்றை உண்ணும் பந்தி. வரிசையின் வரலாறு பெரிது, எளிது. பந்தியின் வரலாறு சிறிது. ஆனால் அதில்தான் சண்டை மிகுதி.

வட சென்னைக்கு வரிசையின் வரலாறு நன்கு தெரியும். ஹைதர் அலியுடன் நடந்த போரினால் நாட்டுப்புறம் பாழாகிப் பஞ்சம் வந்து, மக்கள் சென்னைக் கோட்டையை நோக்கித் திரண்ட காலத்தில், 1782ஆம் ஆண்டில் கஞ்சி ஊற்றுவதற்கென எழுந்தது மணியக்காரர் சத்திரம். மக்கள் அதற்கு இட்ட பெயர் கஞ்சித் தொட்டி. அதன் அருகே உருவான மருத்துவமனையே வளர்ந்து பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையாயிற்று. இராயபுரத்து முதியோர் நாவில் அது நெடுங்காலம் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'யாகவே வழங்கிற்று. ஆளுநர் ஒருவரின் பெயரைக் காட்டிலும் ஒரு குவளைக் கஞ்சியின் பெயர் மக்கள் நினைவில் நிலைத்தது எனலாம். சத்திரம் பிற்காலத்தில் முதியோர் இல்லமாயிற்று.

அடுத்த நூற்றாண்டில் அதனினும் பெரிய வரிசை நின்றது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்த தாது வருடப் பஞ்சத்தில் அரசு நிவாரணம் தந்தது; சும்மா தரவில்லை. உடலில் தெம்பிருந்தோர் மண் சுமந்தால்தான் கூலி. அக்கூலியிலும் சிக்கனம் பார்த்த ரிச்சர்டு டெம்பிள், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கணக்கிட்டார். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்த் துண்டு அப்படிப் பசித்தவர் கைகளால் 1877, 1878ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. 1806ஆம் ஆண்டளவில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே காக்கரன் என்பார் பெயரால் தொடங்கிய பழைய வாய்க்காலோடு அது சேர்ந்தபோது, அன்றைய ஆளுநரின் பெயரால் முழுவதும் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. காட்டுப்பள்ளிக்கு மேற்கே இன்றும் கிடக்கும் நீர்வழி அதுவே. உழைப்பு என்பது கொடையாகாமல், சோற்றுக்கு விலையாகவே பெறப்பட்ட வரலாறு அதன் கரையில் உள்ளது. சிரமதானம் என்ற சொல் பின்னால் வரும்போது இக்கால்வாயை நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

தமிழிலக்கியம் வரிசையை மட்டுமே அறிந்ததன்று. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன், பிறப்பின் பெயரால் ஊரார் ஒதுக்கிவிட, மதுரைக்கு வந்து சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்குகிறான். வீடுதோறும் இரந்து பெற்றதைக் குருடர், செவிடர், முடவர், நோயாளர் ஆகியோரைக் கூவி அழைத்து முதலில் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துத் துயில்கிறான். அமுதசுரபி கிடைப்பதற்கு முன் நிகழ்ந்தது இது என்பது கவனிக்கத்தக்கது. வற்றாத பாத்திரம் கையில் இல்லாத நாளில், உண்பித்தவனும் உண்டவரும் ஒரே ஓட்டின் சோற்றையே பகிர்ந்தனர். சுரபியின் புகழில் இந்தப் பழைய ஓடு மறைந்துவிட்டது. பிறகு அச்சுரபி கோமுகிப் பொய்கையில் மூழ்கி, மணிமேகலைக்காகக் காத்துக்கிடந்தது மணிபல்லவத்தில். யாழ்ப்பாணக் கரைக்கு அப்பாலுள்ள நயினாதீவே அம்மணிபல்லவம் என்பது அறிஞர் பலரது கருத்து. அத்தீவின் பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் ஒருமுறை வரும்.

மாணவர்கள் ஓர் அமைப்பாகத் திரண்டு விழாக் காலங்களில் தொண்டு செய்யத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில். இந்தியாவில் சாரணர் இயக்கம் 1909ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கியபோது அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கே உரியதாக இருந்தது; இந்தியச் சிறுவர்க்கு இடமில்லை. அந்தக் கதவு திறவாததைக் கண்டு, அன்னி பெசன்ட் அம்மையார் அருண்டேலின் துணையோடு சென்னையில் 1916, 1917ஆம் ஆண்டுகளில் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தை உருவாக்கினார். 1918இல் அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணரை அமைத்தனர். திருவிழாக் கூட்டத்தில் வழிதவறிய குழந்தையைப் பெற்றோரிடம் சேர்ப்பது, மயங்கி விழுந்தவருக்கு முதலுதவி செய்வது, தண்ணீர் தருவது போன்ற பணிகள் அவர்களுக்கு உரியனவாயின. 1921இல் பேடன் பவல் சென்னை வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது. விலக்கப்பட்ட சிறுவர்களே தொண்டர்களாக எழுந்த கதை இது. எனினும் இங்கும் பந்திக் கேள்வி எழவில்லை. திருவிழாவில் தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்த சிறுவன், அதைக் குடித்தவர் வீட்டில் தண்ணீர் குடித்தானா என்று அன்று எவரும் கேட்கவில்லை.

கேள்வி எழுந்தது தாமிரபரணிக் கரையில். வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கிய சேரன்மாதேவிக் குருகுலம், தமிழும் தேசியமும் கைத்தொழிலும் கற்பித்த உயர்ந்த முயற்சி. காங்கிரஸ் கட்சி 5,000 ரூபாய் அளித்தது. அங்கே இரண்டு அந்தணச் சிறுவர்க்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது தெரியவந்ததும் தமிழ்நாட்டு அரசியலே பிளந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தனர். காந்தியடிகளிடம் முறையீடு சென்றது. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூன் 3ஆம் நாள் பாபநாசத்துக் கல்யாண தீர்த்தத்தில் தம் மகளைக் காக்க முயன்று அவர் உயிரிழந்தது அந்தப் பூசலின் மீது ஒரு துயரத் திரையைப் போர்த்திவிட்டது. கம்பனை உலகறியச் செய்த அப்பேரறிஞருக்குப் பந்தியின் பொருள் தெரியாமல் இல்லை. பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுக்கொடுத்தார் என்பதே நிகழ்ந்தது. இரண்டு இலைகள் தனியே விழுந்ததற்காக ஒரு பள்ளி வீழ்ந்தது மிகையெனச் சிலர் இன்றும் எழுதுகின்றனர். இலை எண்ணிக்கை அன்று பேச்சு. எந்த இடத்தில் இலை விழுந்தது என்பதே பேச்சு.

அதே ஆண்டுகளில் பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ் மாணவர்கள் இதே கேள்வியை வேறு முனையிலிருந்து எடுத்தனர். 1924இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தோன்றியது. ஹன்டி பேரின்பநாயகம் அதன் முதன்மையான ஆற்றலாக விளங்கினார். பின்னர் இளைஞர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அவ்வமைப்பின் அழைப்பில் காந்தியடிகள் 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தார். நாட்டு விடுதலை, தாய்மொழி வளர்ச்சி ஆகியவற்றோடு தீண்டாமை ஒழிப்பும் அவர்களது குறிக்கோள். தீர்மானம் எழுதுவதோடு நில்லாமல், சாதி பாராது ஒருங்கிருந்து உண்பதையும் அவ்விளைஞர் மேற்கொண்டனர்.

அன்றைய யாழ்ப்பாணப் பள்ளிகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையில் அமரவேண்டும். மற்றவர் பலகையில் அமர்வர். 'சம ஆசனம், சம போசனம்' என்ற முழக்கம் அங்கே பிறந்தது. ஆசனம் என்பது வகுப்பறை. போசனம் என்பது விடுதி. அரசின் உதவிநிதி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டும் என்ற விதி 1929, 1930ஆம் ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தபோது, எதிர்ப்பு வெறும் முணுமுணுப்போடு நிற்கவில்லை. பள்ளிகள் சில தீக்கிரையாயின. ஒரு பலகையில் ஒரு சிறுவன் அமர்ந்ததற்காகப் பள்ளிக்கூரையைக் கொளுத்தியவர்களும் தமிழரே. அச்சிறுவனுக்காகப் போராடிய மாணவரும் தமிழரே. ஈழத்துத் தமிழர் பெருமையை எழுதப் புகுவோர் முதல் செய்தியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டையும் சேர்த்தே எழுதவேண்டும்.

இனி அத்தீவின் நடுப்பகுதிக்கு, 1958ஆம் ஆண்டுக்கு வரவேண்டும். தமிழருக்கு அவ்வாண்டு மறக்கக்கூடியதன்று. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் 1956இல் வந்திருந்தது. பண்டாரநாயக்க, செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டது. மே மாத இறுதியில் தமிழர்மீது வன்முறை பாய்ந்தது. கொழும்பிலிருந்து அகதிகள் கப்பலேறி வடக்கே சென்றனர். அந்த ஆண்டின் டிசம்பரில், அதே கொழும்பு நகரின் நாளந்தாக் கல்லூரி என்ற புகழ்பெற்ற பௌத்தப் பள்ளியிலிருந்து நாற்பது மாணவரும் பன்னிரண்டு ஆசிரியரும் விடுமுறையில் ஒரு சிற்றூருக்குப் புறப்பட்டனர். அழைத்துச் சென்றவர் அப்பள்ளியின் அறிவியல் ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன. அவருக்கு அப்போது வயது இருபத்தேழு. ஊரின் பெயர் கனத்தொலுவ. குருநாகல் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கு வாழ்ந்தோர் ரொடியர்.

ரொடியர் யாவர் எனத் தமிழ் வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். கண்டிச் சிங்களச் சமூகத்தின் சாதி அடுக்கில் கடைக்கோடியில், அடுக்குக்கே வெளியில் நிறுத்தப்பட்டவர்கள். இரந்து உண்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட தொழில். இடுப்புக்கு மேல் ஆடை அணியும் உரிமை அவர்களுடைய பெண்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. திருவிதாங்கூர்த் தோள்சீலைப் போராட்டத்தை அறிந்தோர்க்கு இதன் பொருள் விளங்கும். கண்டி மன்னனிடம் இருபது ஆண்டுக்காலம் சிறைப்பட்டிருந்து தப்பிய ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மன்னனுக்கு வேட்டை இறைச்சி அளித்து வந்த ஒரு கூட்டத்தார் ஒருமுறை மனித இறைச்சியைத் தந்துவிட்டதாகவும், அதனால் வழிவழியாக இரந்து உண்ணச் சபிக்கப்பட்டதாகவும் ஊர்க்கதை. ஒடுக்குவோர் தம் செயலுக்குக் காரணமாக ஒரு பழங்கதையைப் படைத்து வைப்பது எங்கும் உள்ளதே. நொக்ஸ் சொல்லும் மற்றொரு செய்தியே முதன்மையானது: பிறர் கிணற்றில் அவர்கள் நீர் மொள்ளக்கூடாது, குழியிலோ ஆற்றிலோதான் எடுக்கவேண்டும்.

இப்படிப்பட்ட ஊருக்கு நகரத்து நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் சென்றபோது அவர்கள் முன் எளிய வழியொன்று இருந்தது. பழைய துணியும் அரிசியும் புத்தகமும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மாலையில் பேருந்தேறித் திரும்பியிருக்கலாம். அவர்கள் செய்தது வேறு. ஏறத்தாழ இரு வாரம் அவ்வூரிலேயே தங்கினர். கிணறு வெட்டினர்; கழிப்பிடம் கட்டினர்; தோட்டம் போட்டனர்; எழுத்தறிவித்தனர். ரொடியர் சமைத்ததை ரொடியரோடு அமர்ந்து உண்டனர். கிணறு வெட்டியதைக் காட்டிலும் இந்த உணவே பெரிய செயல் என்று அன்றே உணரப்பட்டது. கிணற்றைக் கூலி கொடுத்தும் வெட்டுவிக்கலாம். உயர்சாதி வீட்டுப் பிள்ளை ரொடியர் வீட்டுச் சோற்றை உண்பதைக் கூலி கொடுத்து நடத்த முடியாது. பிச்சை எடுப்பதற்கே பிறந்தவர் என்று கருதப்பட்டோர் அந்நாட்களில் விருந்து படைப்பவராயினர். கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்ற கணக்கு அங்கே குழம்பிப்போயிற்று. அக்குழப்பமே அம்முகாமின் வெற்றி.

விழாத்தன்மை எங்கே என்று கேட்கலாம். கனத்தொலுவையில் பிறந்த வழக்கங்கள் பின்னர் ஓர் இயக்கமாக வளர்ந்தபோது, உழைப்பு நாட்கள் திருநாட்களைப் போலவே நடத்தப்பட்டன. மண்வெட்டியோடு பாட்டும் ஆட்டமும் சேர்ந்தன. காலையிலும் மாலையிலும் ஊராரும் வந்தோரும் கூடும் 'குடும்பக் கூடல்' என்றொரு முறை ஏற்பட்டது. அங்கே எவரும் எவரையும் பட்டம் சொல்லியோ சாதிப் பெயர் சொல்லியோ அழைப்பதில்லை. அம்மா, அப்பா, அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்ற உறவுப் பெயர்களே வழங்கின. சிறு குழந்தைக்கும் பேசும் உரிமை இருந்தது. உழைப்பைத் தானமாகத் தருவதற்குச் சிரமதானம் என்ற பெயர். பௌத்தம் கூறும் நான்கு பண்புகளை, அதாவது கொடை, இன்சொல், பயனுள்ள செயல், சமத்துவம் ஆகியவற்றை அவ்வியக்கம் தனக்கு அடிப்படையாகக் கொண்டது. இந்நான்கனுள் கொடை முதலில் நின்றாலும் சமத்துவம் இறுதியில் நிற்கிறது என்பது நோக்கத்தக்கது. நான்காவதை எட்டாத முதலாவது வெறும் பிச்சையே.

ஆரியரத்ன இந்தியாவுக்கு வந்து வினோபாவின் பணிகளைக் கண்டு, காந்தியத்திலிருந்து சர்வோதயம் என்ற சொல்லைப் பெற்றுச் சென்றார். எல்லோருடைய நலம் எனக் காந்தியடிகள் கொண்ட பொருளை அவர் எல்லோருடைய விழிப்பு என மாற்றிக்கொண்டார். பௌத்தர் ஒருவர்க்கு இயல்பான மாற்றமே. வினோபாவின் பூதானம் 1951இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தோன்றியது. பூதானத்தில் நிலமுடையவர் கொடுக்க வேண்டும். சிரமதானத்தில் எதுவும் இல்லாத மாணவனும் கொடுக்கலாம். அவ்வகையில் சிரமதானம் பள்ளிச் சிறுவர்க்கு ஏற்ற தானம். 1969இல் ஆரியரத்னவுக்கு ராமோன் மகசேசே விருதும் 1996இல் காந்தி அமைதிப் பரிசும் கிடைத்தன. 15,000 கிராமங்களுக்கு மேல் தன் பணி சென்றதாக அவ்வியக்கம் கூறுகிறது.

புகழுரையோடு நிறுத்துவது வரலாறாகாது. ரிச்சர்டு கோம்பிரிச், கணநாத் ஒபயசேகர ஆகிய இரு அறிஞர் 1988இல் வெளியிட்ட சிங்கள பௌத்தம் பற்றிய நூலில் சர்வோதயத்தைக் கூர்மையாக விமரிசித்தனர். கிராமம் என்பது ஒற்றுமையும் அன்பும் நிறைந்த பழைய உலகம் என்ற எண்ணம் நகரத்துப் படித்தவர் தாமே வரைந்துகொண்ட ஓவியம். உண்மையான கிராமத்தில் பூசலும் பகையும் சாதியும் உண்டு என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இது புறந்தள்ளக் கூடியதன்று. இரு வாரம் உறவுப் பெயர் சொல்லி அழைத்தவர் மூன்றாம் வாரம் நகரம் திரும்புகிறார். ரொடியர் கனத்தொலுவையிலேயே இருக்கின்றனர். நாற்பது மாணவருள் எத்தனை பேர் தம் வீட்டுத் திண்ணையில் ரொடியர் ஒருவரை அமர்த்தி உணவளித்தனர் என்ற கேள்வியும் எழத்தான் செய்யும். ஆயினும் விமரிசகர் ஒன்றை மறந்தனர். சென்றவர்கள் பதினாறு, பதினேழு வயதுச் சிறுவர்கள். தம் பெற்றோர் செய்யாத ஒன்றை, அதுவும் சோற்றுக்கு முன்னால் அமர்ந்து, செய்தவர்கள். அந்த நாட்களை ஒருவர் வாழ்நாளில் மறத்தல் அரிது.

தமிழ் வாசகர் மனத்தில் இன்னொரு கேள்வி இருக்கும். மே மாதத்தில் தமிழர் வீடுகள் எரிந்தபோது மௌனமாக இருந்த சமூகத்தின் பிள்ளைகள், டிசம்பரில் தம்மினத்துத் தாழ்த்தப்பட்டோரிடம் சென்றதில் என்ன பெருமை? கேள்வி நியாயமானது. விடையும் முழுமையானதன்று. 1983 ஜூலைப் படுகொலைக்குப் பின் சர்வோதய இயக்கம் தமிழ் அகதிகளுக்கு உதவியது. அவ்வாண்டு டிசம்பரில் ஆரியரத்ன தெற்கே கதிர்காமத்திலிருந்து வடக்கே நாகதீபம் வரை அமைதி நடைப்பயணம் ஒன்றைத் தொடங்கினார். குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனவின் வேண்டுகோளால் அது பாதியிலேயே நின்றுபோயிற்று. நாகதீபம் என்பது நயினாதீவின் சிங்களப் பெயர். மணிபல்லவத்தை நோக்கிப் புறப்பட்ட கால்கள் மணிபல்லவத்தை அடையவில்லை. தம்மினத்துக்குள் பந்தியில் அமர்வது அரிது. இனம் கடந்து அமர்வது அதனினும் அரிது. ஆரியரத்ன 2024 ஏப்ரல் 16ஆம் நாள் மறைந்தார்.

தமிழகத்துக்குத் திரும்பினால், இங்கே மாணவர் தொண்டு அரசின் திட்டமாக உருப்பெற்றது 1969இல். காந்தி நூற்றாண்டை ஒட்டி அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில், ஏறத்தாழ 40,000 மாணவரோடு தொடங்கப்பெற்றது. பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. விடுமுறையில் ஓர் ஊரில் தங்கிச் சாலை செப்பனிட்டு, மரம் நட்டு, மருத்துவ முகாம் நடத்தும் சிறப்பு முகாம் அதன் உயிர்நாடி. முகாம்கள் பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக் கட்டடத்திலேயே தங்குகின்றன. சமையலும் முகாமுக்குள்ளேயே நடந்துவிடும். அதனால் மாணவர் ஊருக்குச் செல்கின்றனர், ஆனால் ஊரார் வீட்டுக்குச் செல்வதில்லை. வசதியை முன்னிட்டுச் செய்த ஏற்பாடுதான். கனத்தொலுவையில் நடந்தது இதனாலேயே இங்கு பெரும்பாலும் நடவாமற் போகிறது.

பந்தியைத் தமிழகத்தில் உண்மையாக நடத்தியது தொண்டியக்கமன்று, பள்ளியே. 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயச் செட்டியார் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய உணவு, 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்த மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பரில் வந்த காலை உணவு ஆகியவை ஒவ்வொரு நாளும் பிள்ளைகளை ஒரே வரிசையில் தரையில் அமர்த்தின. அது பசிக்கு மட்டும் மருந்தாகவில்லை. இதிலும் சண்டை ஓய்ந்துவிடவில்லை. 2023 செப்டம்பரில் எட்டயபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், காலை உணவைச் சமைத்தவரின் சாதியைக் காரணங்காட்டிப் பிள்ளைகள் சிலரை உண்ண விடவில்லை என்ற செய்தி வெளியாயிற்று. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் அங்கு சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்டனர். பாரதி பிறந்த மண்ணுக்கு அருகில், காமராசர் இலை போட்ட ஊருக்கு அருகில், 67 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் யார் சமைத்தது என்ற அதே கேள்வி.

அந்த ஆண்டின் இறுதி மாதம் காட்டுப்பள்ளிச் சுற்றுவட்டாரத்துக்குக் கொடியதாக வந்தது. இதற்குள் ஊர் வெகுவாக மாறியிருந்தது. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் எழுந்தபோது காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர் இடம்பெயர்ந்தனர். 2013இல் செயற்படத் தொடங்கிய துறைமுகம் 2018இல் அதானி நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் அருகில் வந்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் பெருமழையில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து கச்சா எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படர்ந்தது. பஞ்சத்தில் பசித்தவர் வெட்டிய துண்டோடு சேர்ந்து பெயர் பெற்ற அதே கால்வாய்தான். கூழைக்கடாக்களின் சிறகில் தார் போல எண்ணெய் ஒட்டிற்று. அலையாத்திக் காட்டின் வேர்கள் கறுத்தன. எண்ணெயை அள்ளும் பணியில் முதலில் இறங்கியோரில் மீனவரே பெரும்பான்மையினர். வாளியாலும் குவளையாலும் வெறுங்கையாலும் அள்ளினர். கிறிஸ்துமஸ் கழிந்த இரவு, டிசம்பர் 26இல், எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீடுவிட்டு ஓடினர்.

உதவி வந்தது. வெள்ளம் பாதித்த குடும்பங்களுக்கு நியாயவிலைக் கடைகளில் 6,000 ரூபாயும், எண்ணெயால் தொழிலிழந்த மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாயும் அரசு அறிவித்தது. கஞ்சித் தொட்டிக்கு எதிரே 1782இல் நின்ற வரிசை, அடையாள வில்லைகளோடு மீண்டும் நின்றது. அதைக் குறைகூற இடமில்லை. பசிக்கு வரிசை வேண்டும். ஆனால் தை பிறந்து பொங்கல் வந்தபோதும் கழிமுகத்து மீனையும் இறாலையும் நண்டையும் வாங்குவோர் அஞ்சினர். எண்ணெய் நாற்றம் அடிக்கும் என்றனர். எண்ணூர் மீன் என்று தெரிந்தாலே கடந்து போயினர். சேற்றில் இடுப்பளவு நீரில் நின்று, இருளர் பெண்கள் விரலால் துழாவிப் பிடித்துப் பறியில் போட்டு வந்த இறால், சந்தையில் உண்பார் இன்றிக் கிடந்தது.